இரும்பு அவருக்கு ஆகாது

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரை நான் என் சொந்த வீட்டிலேயே சிறையில் இருந்தேன். பூட்டும் இல்லை, காவலும் இல்லை. கீழே பார்க்கிங்கில், நான் விவாகரத்து செய்து இரண்டு வருஷமான மனிதர், என் பெயரில் இருந்த ஒரு காரைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவ்வளவுதான்.

செம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் குடியிருப்பு. பன்னிரண்டு வீடுகள். என்னுடையது முதல் மாடி, படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே என் கார் நிறுத்துமிடம். அவர் மேடவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஒரு வாளி, இரண்டு பழைய பனியன் துணி. செக்யூரிட்டி எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிடுவார். நான் பால்கனியில் துணி காயப்போட மாட்டேன். காய்கறி வாங்க இறங்க மாட்டேன். ஒரு ஞாயிறு அவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: 'இன்னிக்கு வத்தக்குழம்பா? வாசனை வருது.' அன்றிலிருந்து பதினொரு மணிக்கு முன்னால் நான் எதையும் தாளித்ததில்லை. ஞாயிறு என்றால் எனக்கு ரொட்டியும் ஜாமும்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? அவர் மாடி ஏறியதில்லை, அழைப்பு மணியைத் தொட்டதில்லை. 'முன்னாள் கணவர் கார் துடைக்கிறார்' என்று போலீஸில் புகார் கொடுத்தால் சிரிப்பார்கள். குடியிருப்பில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். யார் வண்டியில் சத்தம் வந்தாலும் காது வைத்துக் கேட்டு, இன்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அசோசியேஷன் செயலாளர் ஒருமுறை படிக்கட்டில் என்னை நிறுத்தி, "எவ்ளோ அக்கறை பாருங்க மேடம். இந்தக் காலத்துல யார் இப்படி?" என்றார். மனசு வைத்தால் சேர்ந்துவிடலாமே என்பது அதில் சொல்லாத பாதி.

அக்கறை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினேழு வருஷம் அந்த அக்கறையில்தான் குடித்தனம் செய்தேன். எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எத்தனை மணிக்கு வருவாய், ஏன் ஃபோன் பிஸியாக இருந்தது, ஸ்டாஃப் மீட்டிங் என்றால் எத்தனை பேர். கை நீட்டியதில்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. அதனால்தான் வெளியே வர எனக்கு அத்தனை வருஷம் ஆயிற்று. அடித்திருந்தால் அம்மாவாவது முதல் வருஷமே வா என்றிருப்பாள்.

கார் கல்யாணமான புதிதில் வந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். உடம்பு முழுக்க ஃபைபர், அடியில் இரும்புச் சட்டம். அதைச் செய்த சிறிய கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அவர் வாங்குவதற்கு முன் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜோசியரிடம் ஜாதகத்தைக் காட்டினார். "சாருக்கு இரும்பு ஆகாது. வண்டி வாகனம் எல்லாம் அம்மா பேர்ல இருக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு இரும்பு ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் ஏறியது. ஓட்ட மட்டும் எனக்குச் சாவி கிடைத்ததில்லை. கிளட்ச் போய்விடும் என்பார்.

அவர் பெட்டியோடு போனபோது கார் மட்டும் போகவில்லை. அதற்கு முன்பே ஏரி நிரம்பிய ஒரு மழைக்காலத்தில் எங்கள் பார்க்கிங்கில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. அதற்கப்புறம் அது ஓடவில்லை, ரோட்டில் ஓடத் தகுதி என்று தருகிற எஃப்.சி. சான்றிதழும் காலாவதியானது. வீடு நான் வாங்கியது, அதனால் அவர்தான் வெளியேற வேண்டியிருந்தது. "வண்டியைப் பேர் மாத்தி எடுத்துட்டுப் போயிடுங்க" என்று கோர்ட் வாசலிலேயே சொன்னேன். ரொம்ப வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? சேஸ் நம்பர் துருவுல போயிடுச்சு. நம்பர் இல்லாம எந்த ஆபீஸரும் தொட மாட்டார்."

விசாரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு காருக்கும் அடிச்சட்டத்தில் ஒரு நம்பர் அடித்திருக்கும். அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து, எழுத்து விழுந்த தாளை விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டும். எஃப்.சி. புதுப்பிக்க அந்தப் பென்சில் பிரிண்ட் வேண்டும். எஃப்.சி. இல்லாமல் பெயர் மாற்ற முடியாது, விற்க முடியாது. சரி, பழைய இரும்புக்கே போட்டுவிடலாம் என்றால், அப்போதும் அந்த நம்பர் உள்ள துண்டை வெட்டிக் கொடுத்தால்தான் என் பெயரை நீக்குவார்களாம். வைத்துக்கொள்ளவும் வழியில்லை, தொலைக்கவும் வழியில்லை. அவரோ வாளியை எடுத்துக்கொண்டு ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தார். அந்த இரண்டு வருஷத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே கிடையாது.

நான் பள்ளியில் வேதியியல் டீச்சர். துருப்பிடித்தல் பாடத்தை வருஷாவருஷம் நடத்துகிறவள். போன காலாண்டுத் தேர்வில் கேள்வித்தாள் எழுதும்போது 'துருப்பிடித்தலைத் தடுக்கும் முறைகள் மூன்று கூறுக' என்று எழுதினேன், எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறோமே, நம் காலடியில் கிடப்பதை நாம் ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லையே என்று தோன்றியது. காலாண்டு விடுமுறை தொடங்கிய முதல் திங்கட்கிழமையே டோயிங் வண்டியை வரவழைத்தேன். சேஸைச் சரிசெய்து, அந்த நம்பர் ஒரு இலக்கமாவது மிச்சம் இருந்தால் அதைக் காட்டி, இந்தக் காரை என் பெயரிலிருந்து கழற்றிவிடுவது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

எங்கள் பள்ளி பஸ் டிரைவர் சொல்லி, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை. டிரெய்லர் வண்டிகளுக்குச் சேஸ் கட்டுகிற இடம். அதன் உரிமையாளருக்கு என் வயதுதான் இருக்கும். காதில் பென்சில், வாயில் ஓயாத பேச்சு. காரைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தார்.

"இன்னாக்கா இது, பொருட்காட்சில சுத்துற காரு கணக்கா கீது? இதுல குடும்பத்தோட எப்டிப் போவீங்க?"

"போகல. அதான் கொண்டாந்தேன்" என்றேன்.

நாலு பேராகச் சேர்ந்து போல்ட்டுகளைக் கழற்றி, ஃபைபர் உடம்பைச் சங்கிலியில் மேலே தூக்கினார்கள். வெளியே அத்தனை பளபளப்பு. வாராவாரம் துடைத்த துடைப்பு. அடியில் சட்டம் முழுக்கப் பழுப்பு, பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. பட்டறைக்காரர் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குத்தினார். அப்பளத்தில் இறங்குவது போல் இறங்கியது.

"உட்காந்து ஓட்டிகினு போயிருந்தீங்கன்னா, பாதி ரோட்டுல ரெண்டா மடிஞ்சிருக்கும்க்கா" என்றார். சாக்பீஸால் அழுகின இடத்திலெல்லாம் வட்டம் போட்டார். பதினொரு வட்டம். அங்கெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வளைத்து, வெல்டிங் வைக்க வேண்டும். கடைசியில் முன்பக்கம் வலது சட்டத்துக்கு வந்தார். உள்ளங்கை அளவுக்கு ஒரு இடம் நன்றாகப் பழுப்பேறியிருந்தது. நம்பர் இருக்க வேண்டிய இடம் அதுதான். இலக்கம் எதுவும் தெரியவில்லை. நான் எதிர்பார்த்ததுதான்.

அந்த வார ஞாயிறு காலை எட்டு முப்பத்தைந்துக்கு என் முன்னாள் கணவர் ஃபோன் செய்தார்.

"வண்டி எங்க?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"யாரைக் கேட்டு?"

ஃபோனைக் காதில் வைத்தபடியே ஜன்னலை நோக்கி நடந்தேன். அவரே வழக்கமான மென்மையான குரலில், "சரி, போனது போகட்டும். முன்னாடி வலது சட்டத்துல மட்டும் கிரைண்டர் வெக்க வேணாம்னு சொல்லு. நம்பர் இருந்த இடம். கொஞ்ச நஞ்சம் இருந்தாலும் அழிஞ்சிடும். அங்க யாரும் கையே வெக்க வேணாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. எத்தனை வருஷப் பழக்கம், அவர் சொன்னால் எனக்கு நியாயமாகத்தான் படும். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வண்டி இல்லாத இடத்தைத் துடைப்பம் வாங்கிப் பெருக்கிக்கொண்டிருந்தார். பதினொரு மணி வரை இருந்தார். நானும் வழக்கம்போல ரொட்டி தின்றேன்.

மறுநாள் பட்டறைக்காரர் கிரைண்டரை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே வந்துவிட்டார். நான் குறுக்கே போய் நின்றேன். "இந்த இடத்துல மெஷின் வேணாம்ணா."

"மெஷின் வெக்காம துரு எப்டிக்கா போவும்? ஊதினா போவுமா?"

"புளியில போகும்."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். சிரிக்கட்டும். பித்தளைச் சொம்பை விளக்குகிற அதே புளிதான். அதில் இருக்கிற டார்டாரிக் அமிலம் துருவை மட்டும் தின்னும், அடியில் இருக்கிற இரும்பை மெதுவாகத்தான் தொடும். நம்பரின் குழிவு துளியளவு மிச்சமிருந்தாலும் தப்பிக்கும். வீட்டிலிருந்து பழைய கறுப்புப் புளியைக் கெட்டியாகக் கரைத்து டிபன் டப்பாவில் கொண்டுபோனேன். அந்தச் சட்டத்தில் ஒரு முழ நீளத்துக்கு அப்பி, ஈரத்துணி சுற்றி, அதற்கு மேல் பால் கவரைக் கட்டிவிட்டு வந்தேன். நாலு நாள் இதையே செய்தேன். அவர் ஒருபக்கம் வெட்டிக்கொண்டும் வெல்டிங் வைத்துக்கொண்டும் இருப்பார். நான் ஒருபக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பேன். போகிற வருகிறவர்கள், "இன்னா டீச்சர், ரசம் ரெடியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஐந்தாம் நாள் துணியைப் பிரித்துக் கழுவினேன். சட்டம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக வந்திருந்தது. நம்பர் இருக்க வேண்டிய அந்த உள்ளங்கை இடத்தைத் தவிர. அது மட்டும் முதல் நாள் பார்த்த அதே பழுப்பு. ஒரு துளிகூட மாறவில்லை.

நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டியைப் பற்றி எனக்கு அவ்வளவாக எதுவும் தெரியாது, ஆனால் இது தெரியும். துருவாக இருந்தால் புளிக்கு அசைந்திருக்க வேண்டும். சுற்றிலும் இருக்கிற துரு போய், நடுவில் இருப்பது மட்டும் போகவில்லை என்றால், நடுவில் இருப்பது துரு இல்லை.

"அண்ணா, இதை வந்து பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓரத்தில் நுழைத்து நெம்பினார். பழுப்புச் சில்லு ஒன்று பெயர்ந்து விழுந்தது. உடைந்த ஓரம் வெள்ளையாக இருந்தது.

"அக்கா, இது பட்டிக்கா. கார்ல அடி வாங்கின எடத்துல பள்ளம் தூர்க்கப் பூசுவோமே, அது. பட்டி போட்டு, மேல ரெட் ஆக்சைடு அடிச்சு, ஈரத்துலயே துருப் பொடியைத் தூவிக்கீறாங்க. நானே ஏமாந்துட்டேன், பாத்துக்கோங்க. வேலை தெரிஞ்ச கை."

மீதியை அவர் மெதுவாகப் பெயர்த்தார். பட்டிக்கு அடியில் அகலமான ஒட்டுநாடா, இரண்டு அடுக்கு. விளிம்புகளைக் கிரீஸ் தடவி அடைத்திருந்தது, ஒரு சொட்டு ஈரம் போகாமல். நாடாவை அவர் ஒரு மூலையில் பிடித்து உரித்தார். அடியில் இரும்பு நேற்று வார்த்தது மாதிரி மின்னியது. நம்பர் முழுசாக இருந்தது. ஒரு எழுத்து, ஒரு இலக்கம் குறையவில்லை. மொத்த வண்டியிலும் துருப்பிடிக்காத ஒரே இடம் அதுதான்.

"யாருக்கா இப்டிப் பண்ணது?" என்றார்.

அந்த வண்டியை ஒருவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். இரண்டு வருஷம் ஒரு மனிதர் என் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து இதைப் பாதுகாத்திருக்கிறார். நான் மேலே ஜன்னலை மூடிக்கொண்டு, தாளிக்காமல், அவர் சொன்னதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறேன். கையே வைக்க வேண்டாம் என்றாரே, அதையும் அக்கறை என்றுதானே எடுத்துக்கொண்டேன்! கோபம் அப்புறம் வந்தது. வந்தபோது, அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். பட்டறைக்காரர் வெல்டிங் மெஷினை நிறுத்திவிட்டு, டீ சொல்லப் போனார்.

டீ குடித்துவிட்டு, அவர் காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினேன். மெல்லிய தாளை நம்பர் மேல் வைத்து, ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, சாய்த்துத் தேய்த்தேன். கறுப்பு பரவப் பரவ வெள்ளையாக ஒவ்வொரு இலக்கமாக எழுந்து வந்தது. ஆர்.சி.யோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. ஒரு பிரிண்ட் போதும், நான் ஆறு எடுத்தேன்.

மீதி வேலை இரண்டு மாதம் இழுத்தது. பதினொரு இடத்திலும் புதுத் தகடு ஏறியது. மெக்கானிக்கைப் பிடித்து என்ஜினையும் ஓட வைத்தோம், எஃப்.சி.யும் கிடைத்தது. அதற்குள் பட்டறைக்காரர் வாயால் ஊரெல்லாம் பரவி, குரோம்பேட்டையிலிருந்து ஒரு கல்யாண ஃபோட்டோகிராபர் வந்து பார்த்து விலைக்குக் கேட்டார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் அதில் உட்கார வைத்து ஆல்பத்துக்குப் படம் எடுக்கலாமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வாரம் பொறுங்கள், வேறொருவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, முதலில் வண்டியை அன்று வாங்கினவரைக் கேட்பதுதான் முறை.

சனிக்கிழமை கார் பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஞாயிறு எட்டரைக்கு அவர் வாளியோடு வந்தார். நான் படி இறங்கினேன். இரண்டு வருஷத்தில் முதல்முறை. அவர் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்து எனக்கு ஒரு நிமிஷம் கால் பின்வாங்கியது. நரைத்திருந்தார். சட்டையில் ஒரு பட்டன் வேறு நிறம்.

"எஃப்.சி. ஆயிடுச்சு" என்று பெயர் மாற்றும் படிவத்தை நீட்டினேன். "கையெழுத்துப் போட்டா வண்டி உங்களுக்கு. இன்னிக்கே எடுத்துட்டுப் போகலாம்."

"எனக்கு எதுக்கு? உன் பேர்லயே இருக்கட்டும். அதான் எனக்கு நல்லதுன்னு ஜோசியர் சொன்னாரே. நான் வந்து பாத்துக்கறேன்."

நான் பையிலிருந்து ஒரு பென்சில் பிரிண்டை எடுத்துக் காரின் பானெட் மேல் விரித்து வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். மறுப்பார், யாரையாவது குற்றம் சொல்வார் என்று நான் பேச வேண்டியதையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தாளின் ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

"டேப்பு கிழியாம இருந்துச்சா?" என்று கேட்டார்.

"கிழியல."

"தண்ணி போகலையே?"

"போகல."

தலையை ஆட்டினார். படிவத்தை மடித்துப் பையில் போட்டேன்.

"குரோம்பேட்டைல ஒருத்தர் கேட்டிருக்கார். புதன்கிழமை வந்து எடுத்துப்பார்" என்றேன்.

"என்னைக் கேக்காமயா?"

"ஓனர் கையெழுத்து போதுமாம். என் பேர்லதான இருக்கு."

அவர் வாளியைக் கீழே வைத்தார். அது காலியாக இருந்தது, இன்னும் தண்ணீர் பிடித்திருக்கவில்லை. காரைப் பார்த்தார், என் ஜன்னலைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் என்னை ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறார். எல்லாமே பதில் தெரிந்துகொண்டு கேட்டவை. இது ஒன்றைத்தான் அவர் தெரியாமல் கேட்டார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் எங்க போறது?"

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்தது என்று ஒப்புக்கொள்வதில் என்ன இருக்கிறது. ஆனால் அந்த இரக்கத்தின் வழியாகத்தான் இத்தனை வருஷமும் அவர் உள்ளே வந்துகொண்டிருந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

"எங்க வேணா போங்க" என்றேன். "இங்க வராதீங்க."